தேசிங்குராஜன் கதையில் விதியை எங்கே வைப்பது?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஆண்டுவிழாவுக்குத் தேசிங்குராஜன் – ராணிபாய் கதையை ஒரு மணி நேரக் கூத்தாகப் போடுகிறோம். 'எல்லாம் விதி' என்று கதையை நடத்திச் சொல்லும் கட்டியங்காரன் சொல்லிவிட்டால் போதுமா?

போதாது. விதி என்று வாயால் சொன்னதுமே கூட்டம் தளர்ந்துவிடும். 'போகாதேடா' என்று பதறிக்கொண்டிருந்தவர்கள், முடிவு தெரிந்துவிட்டதென்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்தக் கதையில் விதி ஒவ்வொரு முறையும் எச்சரிக்கையாக வருகிறது. அதை மீறிப் போவது தேசிங்குதான்.

போரின் காரணத்தை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். செஞ்சியை ஆண்ட சொரூப்சிங் இறந்ததும் மகன் தேசிங்கு அங்கே வருகிறான், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பழைய கப்பப் பாக்கியைக் கேட்கிறார், இவன் மறுக்கிறான். ஆண்டு 1714.

அடுத்து செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள சிங்கவரம் கோயில். ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கிறான், சாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இங்கே ஆர்மோனியமும் முகவீணையும் நிற்கட்டும். அவன் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். அபசகுனங்களையெல்லாம் முதல் காட்சியிலேயே கொட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சகுனம் ஒன்று, உடனே அவன் முடிவு ஒன்று என்று மாறி மாறி வந்தால்தான் இறுக்கம் கூடும். நண்பன் மோவத்துக்காரன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வருவதும் அப்படித்தான்: போருக்கு அழைத்து ஓலை வந்தது விதி, மாலையைக் கழற்றியது அவன் மனசு.

கதையின் உயிர் ராணியிடம் அவன் விடைபெறும் காட்சி. கதைப்பாடலில் இருவருக்கும் நடுவே திரை தொங்குகிறது. நம் வடாற்காட்டுக் கூத்தில் வேஷக்காரர் நுழையும்போது இரண்டு பேர் பிடிக்கும் திரை இருக்கிறதே, அதையே இங்கேயும் பிடியுங்கள். முதல் நுழைவில் ராஜாவைக் காட்ட இறங்கிய திரை, இப்போது இறங்கவே கூடாது. வெற்றிலை தரும் ராணியின் கை மட்டும் வெளியே வரட்டும். முகத்தைக் காட்டினால் காட்சி போச்சு. வசனமும் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பாதிக்கு மேல் பாட்டாகவே இருக்கட்டும்.

போர்க்களத்துக்கு முன்னால் ஆறு. வெள்ளம் புரண்டு ஓடுகிறது, ஆட்களில் பலர் இக்கரையிலேயே தங்கிவிடுகிறார்கள். வடியும்வரை காத்திருந்திருக்கலாம். அதை ஒரு வீரன் வாயால் சொல்லவைத்தே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் தோல்விக்கு வெள்ளம் மட்டுமே காரணமாகிவிடும். குதிரைப் பெயரிலும் கவனம்: பாராசாரி தேசிங்கினுடையது, நீலவேணி நண்பனுடையது. பலர் மாற்றிவிடுகிறார்கள்.

சாவுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. வரலாற்றில் குண்டடி பட்டு இறக்கிறான். கதைப்பாடலில் நண்பன் மாண்டதைக் கண்டபின் வாளை மேலே வீசி மார்பில் ஏந்துகிறான். கூத்துக்கு இரண்டாவதை எடுங்கள். கடைசி முடிவும் அவனுடையதாகிவிடுகிறது.

ராணி உடன்கட்டை ஏறியதை மேடையில் காட்டாதீர்கள், புகழ்ந்தும் பாடாதீர்கள். பின்னால் எட்டு, பத்து வயதுப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சிதை எரிந்த இடம் செஞ்சியில் செட்டிக்குளக்கரை. எதிர்த்துப் போரிட்ட நவாபே அவள் நினைவாக நம் ஊருக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தார் என்பதைக் கட்டியங்காரன் சொல்லட்டும். அவன் சொல்லி முடித்ததும் திரை பிடிக்கும் அந்த இருவரும் அதை மெல்ல இறக்கட்டும். அதன் பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.