பதில்: விவசாயம் எந்த ஆண்டில் பிறந்தது?

வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான பேச்சில் “கீழே சிந்திய விதை முளைத்ததை ஒருவர் பார்த்தார், அன்றே வேட்டை முடிந்து விவசாயம் பிறந்தது” என்று எழுதி, அதற்கு ஓர் ஆண்டு கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். விதை முளைக்கும் என்பது செடிகொடிகளோடே வாழ்ந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இஸ்ரேலில் கலிலேயக் கடலோரத்து ஒஹாலோ என்ற தொல்லியல் தளத்தில் சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுத் தானியங்களைக் கல்லில் அரைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது கதிரின் காம்பை. காட்டுக் கோதுமை முற்றியதும் கதிர் தானே உடைந்து மணி உதிர்ந்துவிடும். உடைந்த இடம் வழவழப்பாக இருக்கும். சில செடிகளில் மட்டும் மணி உதிராமல் நிற்கும். அறுத்து வீடு வந்து சேர்வதும் மறுபடி விதைக்கப்படுவதும் அவைதாம் அதிகம். இப்படியே தலைமுறை தலைமுறையாக நடந்து, அடித்தால்தான் உதிரும் கோதுமை வந்தது. அதில் மணி பிரிந்த இடத்துத் தழும்பு பிய்த்தெடுத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். கரிந்துபோன கதிர்த் துணுக்குகளில் ஆய்வாளர்கள் தேடுவது இந்தத் தழும்பைத்தான். மேற்கு ஆசியாவில் இந்த மாற்றம் நிறைவேற ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

ஆண்டு வேண்டுமென்றால் “மேற்கு ஆசியாவில் சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி” என்று எழுதுங்கள். சீனாவில் நெல்லும் மெக்சிகோவில் மக்காச்சோளமும் தனித்தனியே பயிரானவை.

உழைப்பையும் விட்டுவிடாதீர்கள். சிரியாவில் அபு ஹுரைரா என்ற ஆரம்பகால விவசாய ஊரில் கிடைத்த பெண்களின் எலும்புகளில் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருக்கிறது. மண்டியிட்டு, விரலை ஊன்றி, மணிக்கணக்காக மாவரைத்த தேய்மானம் அது.