பேட்டில் பைன் தார்: எங்கே, எவ்வளவு தடவுவது?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். 15 வயது மகன் பள்ளி அணியில் பேஸ்பால் ஆடுகிறான். இதுவரை உலோக பேட். இந்தக் கோடையில்தான் மர பேட் எடுத்திருக்கிறான். கை வியர்த்து நழுவுகிறது என்று பைன் தார் வாங்கிக் கைப்பிடி முழுக்கப் பூசிவிட்டான். இப்போது கையுறை பேட்டை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. எப்படித் தடவுவது? பந்து வீசும்போதும் இதை விரலில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வாங்கியது சரியான பொருள்தான். அளவும் இடமும்தான் தப்பு.

உலோக பேட்டில் கைப்பிடிக்கு உறை சுற்றியே வரும். மர பேட்டில் வழவழவென்று வெறும் மரம்தான். அதற்குத்தான் பைன் தார். ரோடு போடும் தார் இல்லை இது. பைன் கட்டையைக் காற்று அதிகம் புகாமல் சூடேற்றி வடித்தெடுப்பது. பாய்மரக் கப்பல்களில் கயிறு மட்கிப்போகாமல் இருக்க இதைத்தான் பூசினார்கள்.

முதலில் இப்போதைய பூச்சை எடுத்துவிடுங்கள். பழைய துணியில் ரப்பிங் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் போதும். அடுப்பு, நெருப்பு பக்கத்தில் வேண்டாம். நன்றாக உலர்ந்ததும் இன்னொரு துணியில் சுண்டைக்காய் அளவு தார் எடுத்து, மேல் கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். கை பிடிக்கும் இடத்தில் பூச வேண்டியதில்லை. ஒவ்வொரு பந்துக்கு முன்னும் அந்தப் பட்டையை ஒரு முறை தொட்டால் கையுறைக்கு வேண்டியது வந்துவிடும். கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்துப் பார்க்கட்டும்: லேசாக ஒட்டி, உடனே விட வேண்டும், விரலில் கறை அப்பக்கூடாது. அப்பினால் மேலே கொஞ்சம் ரோசின் தூள் தட்டலாம். வயலின் வில்லில் தேய்ப்பார்களே, அதே ரோசின்தான். உங்கள் ஊர் வெயிலுக்கு டப்பாத் தாரைவிடக் குச்சியாக வருவது வசதி. காருக்குள் வைத்தால் டப்பாவில் இருப்பது இளகி ஒழுகும்.

பிடி நன்றாக இருந்தால் பேட்டை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. இறுக்கினால் முன்கை விறைத்து, பேட்டை வீசும் வேகம் குறையும். பைன் தாரின் உண்மையான பலன் இந்தத் தளர்வுதான் என்பேன்.

அப்புறம் விதி. அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் கைப்பிடி முனையிலிருந்து 18 அங்குலம் வரைதான் பூசலாம். பந்தில் கறை பட்டு வீணாகக்கூடாது என்பதே நோக்கம். 1983 ஜூலை 24 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் கான்சாஸ் சிட்டி ராயல்ஸின் ஜார்ஜ் பிரெட், ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து அணியை 5-4 என முன்னிலைக்குக் கொண்டுவந்தார். எதிரணியான யாங்கீஸின் மேலாளர் பில்லி மார்ட்டின் தார் அளவுக்கு மேல் இருப்பதாக முறையிட, நடுவர் டிம் மெக்லெலண்ட் பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் 17 அங்குல அகலத் தட்டான ஹோம் பிளேட்டின் மேல் பேட்டைக் கிடத்தி அளந்து, தார் 18 அங்குலத்தைத் தாண்டிவிட்டது என்று அவுட் கொடுத்தார். பிரெட் ஆவேசமாக ஓடிவந்தார். பிறகு லீக் தலைவர் லீ மேக்ஃபெயில் அந்தத் தீர்ப்பை மாற்ற, விட்ட இடத்திலிருந்து ஆகஸ்ட் 18 அன்று ஆட்டம் தொடர்ந்தது. ராயல்ஸ் வென்றது. உங்கள் மகன் ஆடும் லீக்கின் விதியைப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுவர் லீக்குகளில் பைன் தாருக்கே தடை இருப்பதுண்டு.

பந்து வீசும்போது? கூடவே கூடாது. ஒட்டும் பொருள் விரலில் இருந்தால் பந்தின் சுழற்சி கூடும், அது ஏமாற்று. 2014 ஏப்ரலில் யாங்கீஸ் வீச்சாளர் மைக்கேல் பினேடா கழுத்தில் பைன் தாருடன் பிடிபட்டு வெளியேற்றப்பட்டார். 10 ஆட்டத் தடையும் விழுந்தது. வீச்சாளருக்கு மைதானத்தில் வைத்திருக்கும் ரோசின் பை மட்டும்தான். பேட்டிங் முடிந்து வீசப் போகுமுன் அவன் கையைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும்.

கையில் பட்ட தார் வெறும் சோப்பில் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். அந்த எண்ணெய்க் கையோடு மட்டும் பேட்டைத் தொடவிடாதீர்கள்.