கேலிபரேஷன் செய்த பிறகும் பிக் அண்ட் பிளேஸ் இயந்திரத்தில் அதே பிழை திரும்பத் திரும்ப வருவது ஏன்?

சர்க்யூட் போர்டில் சிறு மின்னணுப் பாகங்களை எடுத்து வைக்கும் பழைய பிக் அண்ட் பிளேஸ் இயந்திரத்தில் ‘பிக்-அப் எரர்’ (பாகத்தை எடுக்கவில்லை என்ற பிழை) ஓயாமல் வருகிறது, சிறிய பாகங்கள் பேடை (போர்டில் பாகம் உட்கார வேண்டிய செம்பு இடம்) விட்டு விலகி உட்காருகின்றன, முழு கேலிபரேஷன் செய்தாலும் இரண்டு நாளில் பழைய கதைதான் என்று கேட்டிருக்கிறீர்கள். வியாசர்பாடி, மாதவரம், மணலி வட்டாரத்துச் சிறு தொழிற்கூடங்களில் இவ்வகை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் எனது பதில் இது: கேலிபரேஷனைக் கடைசியாகத் தொடுங்கள். இயந்திரம் இந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறதோ அதை எண்களாகப் பதிந்துகொள்வதுதான் கேலிபரேஷன். அழுக்கும் தளர்வும் இருக்கும்போது அதைச் செய்தால் அவையும் சேர்ந்தே பதிவாகும். பிறகு அழுக்கு சற்று இடம் மாறினாலும் எண்கள் பொய்யாகிவிடும்.

முதலில் பிக்-அப் எரர். நாசிலில் (பாகத்தை உறிஞ்சிப் பிடிக்கும் குழாய்) பாகம் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதைப் பல இயந்திரங்கள் வேக்யூம் (உறிஞ்சும் விசை) சென்சாரின் அளவை வைத்தே முடிவு செய்கின்றன. எனவே அந்த அளவை மூன்று நிலைகளில் திரையில் பாருங்கள்: நாசில் திறந்திருக்கும்போது, ரப்பர் துண்டால் முழுக்க அடைத்திருக்கும்போது, பாகத்தைப் பிடித்திருக்கும்போது. அடைத்தும் வேக்யூம் ஏறவில்லை என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வெடித்திருக்கலாம், நாசில் முனை தேய்ந்திருக்கலாம், அழுத்தக் காற்றைக் கொண்டு வேக்யூமை உண்டாக்கும் எஜெக்டர் வலுவிழந்திருக்கலாம். திறந்திருக்கும்போதே வேக்யூம் மிகுதியாகக் காட்டினால் நாசிலோ அதன் பின்னால் இருக்கும் ஃபில்டரோ அடைத்திருக்கிறது என்று பொருள். இந்த இரண்டாவது வகைதான் ஆளை ஏமாற்றும், ஏனென்றால் பாகமே இல்லாதபோதும் ‘பாகம் இருக்கிறது’ என்று சென்சார் சத்தியம் செய்யும். நுண்ணிய துளை கொண்ட நாசில்களில் திறந்த அளவுக்கும் அடைத்த அளவுக்கும் இடைவெளி இயல்பாகவே குறைவு என்பதால், பெரிய நாசிலுக்கு வைத்த வரம்பு எண்ணை அவற்றுக்கு அப்படியே வைக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் கூடங்களில் அந்தக் கடுகளவு வெள்ளை ஃபில்டர் கரித்துணி நிறத்தில் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் சென்சாரை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. பத்து ரூபாய்ப் பஞ்சுக்கு எதற்கு அந்தச் செலவு?

அடுத்தது விலகல். எவ்வளவு விலகுகிறது என்பதைவிட எந்த முறையில் விலகுகிறது என்பதுதான் முக்கியம். வெறும் போர்டின் மேல் இரட்டைப் பக்க ஒட்டு நாடாவை ஒட்டி, ஒரே ரீலிலிருந்து எடுத்த ரெசிஸ்டர்களை 0, 90, 180, 270 டிகிரிகளில் வரிசையாக வைக்கச் சொல்லி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். எல்லாமே போர்டின் ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால் கேமராவுக்கும், நாசிலைத் தாங்கும் ஹெட்டுக்கும் இடையிலான ஆஃப்செட்டையோ (தூரக் கணக்கு), ஃபிடூசியலை (போர்டின் இடத்தை அறியக் கேமரா பார்க்கும் அடையாளம்) இயந்திரம் படிக்கும் விதத்தையோ சந்தேகிக்கலாம். பாகத்தைத் திருப்பும்போது விலகலும் கூடவே திரும்பினால் லைப்ரரியில் (பாகங்களின் விவரம் பதிந்திருக்கும் பட்டியல்) பாகத்தின் மையம் தவறாக இருக்கிறது; படம் பிடித்த பிறகு ஹெட்டைச் சுழற்றும் இயந்திரமாக இருந்தால் வளைந்த நாசிலும் இதே விளைவைத் தரும். ஒழுங்கே இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருந்தால் எந்தக் கேலிபரேஷனும் உதவாது. போர்டைப் பிடிக்கும் கிளாம்ப், அடியில் தாங்கும் பின்கள், இயந்திரத்தின் கால்களின் மட்டம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரக் கட்டடமாக இருந்தால் கால்களின் லாக் நட்டைக் கட்டாயம் தொட்டுப் பாருங்கள்.

ஃபிடூசியல் வட்டம் பெரும்பாலும் 1 மி.மீ. விட்டத்தில்தான் இருக்கும். அதன் மேல் ஈயம் குமிழாக ஏறியிருந்தாலோ செம்பு கறுத்திருந்தாலோ கேமரா வட்டத்தின் ஓரத்தைத் தவறாகப் பிடிக்கும். அப்போது பிழை போர்டில் இருக்கிறது, இயந்திரத்தில் இல்லை.

காலையில் சரியாக வைத்து மதியம் விலகுகிறது என்றால் வெப்பத்தைக் கணக்கில் எடுங்கள். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். ஹெட்டை நகர்த்தும் 40 செ.மீ. நீள பால் ஸ்க்ரூ (திருகுத் தண்டு) 10 டிகிரி சூடானால் 48 மைக்ரான், அரை மி.மீ. அகலமே உள்ள 0402 அளவுப் பாகத்துக்கு இது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. இரவு முழுக்க ஏ.சி. அணைந்திருந்த அறையில், வந்ததும் வராததுமாக, இயந்திரத்தைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்காமல் கேலிபரேஷன் செய்வதால் வரும் வினை இது.

கன்வேயரில் போர்டு வந்ததை, அதில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து அறியும் சென்சார்களுக்குக் கறுப்பு மாஸ்க் (மேல்பூச்சு) போட்ட போர்டுகள் ஆகாது, ஒளி போதுமான அளவு திரும்பி வராது. ஓரத்தில் வெட்டுள்ள போர்டை இரண்டு போர்டுகளாக எண்ணிவிடுவதும் நடக்கும். சென்சார் வேலை செய்கிறதா என்பதை அதன் எல்.ஈ.டி.யிலும் இயந்திரத்தின் ஐ.ஓ. திரையிலும் (சிக்னல்கள் வந்து போவதைக் காட்டும் திரை) ஒருசேரப் பாருங்கள். விளக்கு எரிந்தும் திரையில் மாற்றம் இல்லை என்றால் கேபிளைத் தேடுங்கள். அசையும் கேபிள் செயினுக்குள் ஒரு கம்பி மட்டும் அறுந்திருப்பது வழக்கமான ஒன்று.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஈரம். திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரைக் காற்றைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது நீர் பிரிகிறது; டேங்கைத் தினமும் வடிக்காவிட்டால் அந்த நீர் எஜெக்டர் வரை போய் வேக்யூமைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏர் டிரையர் இல்லாமல் ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

இவை எல்லாம் முடிந்த பிறகு, பழைய அளவுருக்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கேலிபரேஷனுக்கென்று தயாரிப்பாளர் கொடுத்த ஜிக்கை (அளவுக் கருவி) துடைத்து, கேலிபரேஷனைத் தொடங்குங்கள். ஜிக் தொலைந்துபோன இயந்திரம் என்றால் ஆஃப்செட் எண்களைக் கையால் திருத்த முயலாமல் ஜிக்கை வரவழைப்பதே நல்லது. அதற்கு முன், அந்த ஒட்டு நாடாச் சோதனையில் 0 டிகிரியிலும் 180 டிகிரியிலும் பாகம் எந்தெந்தப் பக்கம் விலகியது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதினால், எதைக் கழற்ற வேண்டும் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.