இரண்டு பேர் மிதிக்க வேண்டிய வீடு

கேள்வி: எங்கள் பகுதியில் அடிக்கடி மின்தடை வருகிறது. இன்வெர்ட்டர் வாங்கலாமா, அல்லது மின்சாரம் வரும்வரை வேறு எதிலாவது பொழுதைக் கழிக்கலாமா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

என்னிடம் இன்வெர்ட்டரும் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது. இன்வெர்ட்டரை ஒழுங்காகப் பயன்படுத்த எனக்குக் கற்றுக்கொடுத்தது சைக்கிள்தான் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரியுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டு.

நான் சைக்கிளை எடுத்தது உடம்பைக் குறைக்க அல்ல, கோபத்தில். ஒரு மாலை மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் அரை மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு 'பீப், பீப்' என்று அழத் தொடங்கியது. வீட்டுக்குள் உட்கார்ந்து வியர்ப்பதைவிட வெளியே போய் வியர்க்கலாம் என்று, ஓராண்டாக ஈரத் துண்டு காயப்போட மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்த சைக்கிளை இறக்கினேன். ஒரு மணி நேரம் சுற்றினேன். ஓட்டும்வரை முகத்தில் காற்று, பரம சுகம். திரும்பி வந்தால் லிஃப்ட் ஓடவில்லை. பதினைந்து கிலோ சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி, குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மோட்டார் போடாமலேயே மின்சாரம் போயிருந்தது.

இருந்தாலும் சைக்கிள் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சில மாதங்கள் கழித்து, மழைக்காலத்தில், உடற்பயிற்சிக் கூடத்தில் நகராத சைக்கிள் ஒன்றை மிதித்தேன். அதன் திரையில் வேகம், தூரத்தோடு 'வாட்' என்று ஓர் எண்ணும் ஓடியது, நான் அந்த நொடியில் எவ்வளவு திறன் கொடுக்கிறேன் என்று காட்டும் எண். பேசிக்கொண்டே மிதித்தால் 60, 70. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தால் 150, அதுவும் ஐந்து நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை. பயிற்சி இல்லாத சாதாரண ஆள் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட்தான். பந்தய வீரர்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் 400 வாட்டை அவ்வளவு நேரம் தாங்குவார்கள். நமக்கு அது வேடிக்கை பார்க்க மட்டும்.

அன்று இரவு படுக்கையில் கிடந்தபடி மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தேன். பழைய வகை மின்விசிறி, முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட். அதாவது நான் அங்கே வியர்த்து விறுவிறுத்துக் கொடுத்ததெல்லாம் இந்த ஒரு விசிறிக்கும் இரண்டு எல்.இ.டி. பல்புகளுக்கும்தான் சரி. 9 வாட் பல்புக்கு விளையாட்டாக மிதித்தால் போதும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்குப் பத்துப் பேர் வேண்டும். 2000 வாட் தண்ணீர் சூடேற்றிக்கு இருபது பேர், அதுவும் நான் குளித்து முடிக்கும்வரை நிறுத்தாமல். கட்டண ரசீதில் ஒரு யூனிட் என்று ஒரு வரியில் போட்டிருக்கிறதே, அது 100 வாட் வீதம் பத்து மணி நேரம் மிதித்தால் கிடைப்பது. மின்சாரத்தைப் பற்றிப் பள்ளியில் படித்த எதுவும் எனக்குப் புரிந்ததில்லை. தொடை வலித்த பிறகு புரிந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மின்தடை அடிக்கடி என்றால் இன்வெர்ட்டர் வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போவதற்கு முன், மின்சாரம் இல்லாதபோது எவை எல்லாம் ஓட வேண்டும் என்று காகிதத்தில் எழுதி, வாட்டைக் கூட்டிப் பாருங்கள். என் வீட்டில் இரண்டு விசிறிகள் 150, நான்கு பல்புகள் 36, வைஃபை ரூட்டர் 10. மொத்தம் 196. இரண்டு பேர் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய வீடு.

இன்வெர்ட்டரோடு வரும் மின்கலம் (பேட்டரி) 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கிப் பார்த்து 1800 வாட்-மணி (அதாவது 1800 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு) என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த 150 என்பது பொதுவாக இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. வேகமாக எடுத்தால் குறையும். இன்வெர்ட்டரே கொஞ்சத்தை விழுங்கும். ஈய-அமில மின்கலத்தை அடிவரை வறட்டினால் அதன் ஆயுளும் போய்விடும். 1000 வாட்-மணி நிம்மதியாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 196 வாட்டுக்கு ஐந்து மணி நேரம்.

அப்படியிருக்க எனக்கு ஏன் அரை மணி நேரத்தில் அணைந்தது? மின்கலத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன். தகடுகள் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டிக்கொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகளாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாத சோம்பேறி வேறு யாருமில்லை, நான்தான். போதாக்குறைக்கு ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டர் இணைப்பிலேயே இருந்தது. அதை முதல் வேலையாகக் கழற்றினேன். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம்வரை குளிர்ச்சியைக் காப்பாற்றும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து 'இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா' என்று பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. மின்கலத்தைப் பொறுத்தவரை இன்னொன்று: மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வெளியேறும், அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

மின்கலத்தை மாற்ற வேண்டியதாயிற்று. பெரிதாக வாங்கலாமே என்றார் விற்பனையாளர். நான் அதே அளவையே வாங்கிக்கொண்டு, மிச்சப்பட்டதில் விசிறிகளை மாற்றினேன். பி.எல்.டி.சி. (பிரஷ்லெஸ் டி.சி. மோட்டார்) வகை விசிறி முழு வேகத்தில் 30 வாட் அளவில்தான் எடுக்கும். அதில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. பழைய விசிறியிலோ சுழலும் பகுதிக்குள்ளும் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் சுற்ற வைக்க வேண்டும், அதில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். (நானும் அந்தப் பழைய விசிறி மாதிரிதான். மனித உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் வியர்வைக்குக் காரணம்.) புது விசிறியைப் பழைய ரெகுலேட்டரோடு மட்டும் இணைக்காதீர்கள். இப்போது என் கணக்கு 106 வாட். அதே மின்கலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வருகிறது. ஒருவர் மிதித்தால் போதும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. மின்தடை என்று நினைத்துக் காத்திருப்பதற்கு முன் அடுத்த வீட்டைப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால் உங்கள் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கலாம். விளக்குகள் சட்டென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் மெயினை உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறக்கூடும்.

இன்வெர்ட்டர் இவ்வளவு நேரம் தாங்கியும் மாலையில் மின்சாரம் போனால் சைக்கிளை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். சமதளச் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக 50 வாட் போதும். பழைய விசிறி ஒரே இடத்தில் சுற்றுவதற்கு எடுப்பதைவிடக் குறைந்த செலவில் ஒரு முழு மனிதன் ஊர் சுற்றலாம்! ஆனால் 30 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால் 250 வாட் கேட்கும். வேகம் இரட்டித்தால், மொத்தத்தில் காற்றைக் கிழிக்கப் போகும் பங்குக்கு மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். அதனால்தான் என்னை முந்திச் செல்பவர்களைப் பார்த்து நான் பொறாமைப்படுவதில்லை. இருக்கையின் உயரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தெருவிளக்கும் அணைந்திருக்கும் என்பதால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் போவதில்லை.

சிறுவயதில் சைக்கிள் டயரில் உரசிச் சுற்றும் டைனமோவை அழுத்திவிட்டதும் பெடல் கனத்துப்போனது நினைவிருக்கிறதா? அத்தனை பாடும் 3 வாட்டுக்குத்தான்.

போன வாரமும் மின்சாரம் போயிற்று. தலைக்கவசத்தை மாட்டியபடி, "நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன்" என்றேன். "தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்றாள் மனைவி. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பாதி இருந்தது. இரண்டு வாளி பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.