சென்சார் நெட்வொர்க்கில் பேட்டரிக் கணக்கு: கேள்வி பதில்

பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்குகளை சிமுலேட் செய்வது பற்றி வந்த கேள்விகளை ஒரே இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். ரேடியோ, மேக் லேயர் (எந்தக் கருவி எப்போது அனுப்புவது, எப்போது கேட்பது என்று முடிவு செய்யும் அடுக்கு), பேட்டரி மூன்றும் என் வேலை. நியூரல் நெட்வொர்க் வைத்து ரூட்டிங் செய்வது பற்றிக் கேட்டவர்கள் அந்தத் துறைக்காரர்களிடம் கேளுங்கள்.

எம்.இ. மாணவி, கோவை: என்எஸ்-3, காஸ்டாலியா, கூஜா, மேட்லாப். சிமுலேஷனுக்கு இதில் எதை எடுப்பது சார்?

நீங்கள் எழுதும் அதே கோட் கடைசியில் நோட்டில் (சென்சாரும் ரேடியோவும் பேட்டரியும் சேர்ந்த சின்னக் கருவி) ஓடப்போகிறது என்றால் கூஜா. கான்டிகி (நோட்டுகளுக்கான இயங்குதளம்) ஃபர்ம்வேரை அப்படியே எமுலேட் செய்யலாம். அதிலுள்ள எனர்ஜெஸ்ட், சிபியு எவ்வளவு நேரம் விழித்திருந்தது, ரேடியோ எவ்வளவு நேரம் அனுப்பியது, எவ்வளவு நேரம் கேட்டது என்று தனித்தனியாகக் கொடுக்கும். டேட்டாஷீட்டில் உள்ள மின்னோட்டத்தாலும் வோல்டேஜாலும் பெருக்கினால் ஜூல் வந்துவிடும். மேக் நெறிமுறையும் சேனலும்தான் உங்கள் ஆய்வு என்றால் ஓம்நெட்++ மேல் ஓடும் காஸ்டாலியா நல்லது. லிங்க் தரம் நேரத்தோடு மாறுவதையும் அது மாடல் செய்யும். பேட்டரியே முக்கியம் என்றால் என்எஸ்-3ல் லித்தியம் அயன் மாடல் இருக்கிறது. மேட்லாப் சூத்திரம் சரிபார்க்கப் போதும்.

எதை எடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: ரேடியோ ஒன்றும் வராமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை அது கணக்கில் சேர்க்கிறதா?

பி.இ. இறுதியாண்டு, மதுரை: லீச் நெறிமுறைக்கு (நோட்டுகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுத்தலைவர் வழியே தரவை அனுப்புவது) மேட்லாப் கோட் கிடைக்குமா சார்? தொடக்கத்தில் நோட்டுக்கு 0.5 ஜூல், மொத்தம் 100 நோட்.

கோட் தர மாட்டேன், நீங்களே எழுதக்கூடிய அளவுதான் அது. அந்த 0.5 ஜூல் பற்றி மட்டும் சொல்கிறேன். டெலோஸ்பி நோட்டில் இருக்கும் சிசி2420 ரேடியோ, கேட்கும்போது 18.8 மில்லிஆம்பியர் இழுக்கும். 3 வோல்ட்டில் அது 56 மில்லிவாட். 0.5 ஜூலை வைத்து அந்த ரேடியோவைத் திறந்து வைத்தால் ஒன்பது வினாடியில் காலி. அதே நோட்டில் போடும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஏறக்குறைய 27,000 ஜூல் இருக்கிறது. சிமுலேஷன் சீக்கிரம் முடியட்டும் என்று வைக்கும் எண் அது. அதை வைத்து 'ஆயுட்காலம்' என்று கிராஃப் போட்டால், அது எந்த நோட்டின் ஆயுள் என்று வைவாவில் கேட்பார்கள்.

எம்.டெக்., சேலம்: லீச்-சி (லீச்சின் இன்னொரு வடிவம்) கோட் இருக்கிறதா? 0.5 ஜூல் வைக்கலாமா?

மேலே பாருங்கள்.

ஆய்வு மாணவர், திருச்சி: சார், நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் எல்லாப் பேப்பரிலும் ஒரு பிட்டுக்கு 50 நானோஜூல், அதோடு தூரத்தின் வர்க்கம் என்ற மாடல்தான். மாற்றினால் ரிவ்யூவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தவிர, இரண்டு நெறிமுறைக்கும் ஒரே மாடல் வைத்தால் எது மேல் என்ற வரிசை மாறாதே?

வரிசையும் மாறும். கணக்கே போட்டுவிடுவோம்.

அந்த மாடலை 2000ல் எம்ஐடியைச் சேர்ந்த ஹைன்ஸல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் மூவரும் லீச் ஆய்வுக்காக வைத்தார்கள். எலெக்ட்ரானிக்ஸுக்கு பிட்டுக்கு 50 நானோஜூல், ஆம்ப்ளிஃபையருக்கு 100 பிகோஜூல் பெருக்கல் தூரத்தின் வர்க்கம். ஒரு நோட்டிலிருந்து பேஸ் ஸ்டேஷன் (எல்லாத் தரவும் வந்து சேரும் இடம்) 80 மீட்டர் என்று வையுங்கள். நேராக அனுப்பினால் 50 கூட்டல் 640, அதாவது 690 நானோஜூல். இருபது இருபது மீட்டராக நான்கு தாவலில் அனுப்பினால் ஒவ்வொரு தாவலுக்கும் 90, நான்கிற்கு 360. நடுவில் மூன்று நோட்டுகள் வாங்குவதற்கு 150. மொத்தம் 510. பல தாவல் முறை (மல்டிஹாப்) ஜெயிக்கிறது.

இப்போது சிசி2420 எண்களை வையுங்கள். முழு பவரில் 17.4 மில்லிஆம்பியர், வேகம் வினாடிக்கு 250 கிலோபிட். பிட்டுக்கு 209 நானோஜூல் வரும். திறந்தவெளியில் தடையில்லாமல் இருந்தால் 80 மீட்டர் போய்விடும். நான்கு தாவலுக்கு பவரை அடிமட்டத்துக்கே, மைனஸ் 25 டிபிஎம்முக்கு, குறைக்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் (அந்தப் பவரில் இருபது மீட்டர் போகும் என்பதே தாராளமான அனுமானம்). அப்போதும் 8.5 மில்லிஆம்பியர் இழுக்கும். வெளியே போகும் பவர் முந்நூறு மடங்குக்கு மேல் குறைந்தும் மின்னோட்டம் பாதிதான் குறைந்தது! நான்கு முறை அனுப்ப 408, மூன்று முறை வாங்க 677. மொத்தம் 1,085. நேராக அனுப்பியதைப் போல ஐந்து மடங்கு.

அந்த மாடலில் ஜெயித்த நெறிமுறை நிஜ சிப்பில் தோற்கிறது. தூரத்தைக் குறைப்பதையே பெருமையாகச் சொல்லும் எந்த நெறிமுறைக்கும் இந்த ஆபத்து உண்டு.

அதே ஆய்வு மாணவர்: அப்படியானால் லீச் எழுதியவர்கள் தப்பு செய்தார்களா?

இல்லை. அவர்கள் நெறிமுறையில் கிளஸ்டர் (குழு) உறுப்பினர்கள் தங்கள் முறை வரும் நேரத்தைத் தவிர மற்ற நேரம் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். கிளஸ்டர் ஹெட் விழித்தே இருக்க வேண்டியிருப்பதால்தான் அந்தப் பொறுப்பைச் சுழற்றிவிட்டார்கள். சிந்தனை சரியானது. பின்னால் வந்தவர்கள், தூங்கும் அட்டவணையே இல்லாத நெறிமுறைகளுக்கும் அதே சூத்திரத்தை ஒட்டிவிட்டார்கள். அதைத்தான் தப்பு என்கிறேன்.

ஹார்டுவேர் இன்ஜினியர், சென்னை: எதற்கு இவ்வளவு? சிமுலேஷனே வீண். போர்டில் மீட்டரை வைத்து அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அளக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே கருத்து. ஒரு நோட்டின் மின்னோட்டத்தை அளக்கலாம். நூறு நோட்டு, மூன்று வருஷம், நடுவில் பத்து நோட்டு செத்தால் சுமை யார் தலையில் விழும் என்பதை எந்த மீட்டரில் அளப்பீர்கள்? பேஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டுகள் மற்றவர்களின் பாக்கெட்டையும் சுமந்து முதலில் சாகும். அந்த ஓட்டை எப்போது விழும் என்று முன்கூட்டியே பார்க்க சிமுலேஷன்தான் வழி. அளந்த எண்ணை உள்ளே போடுங்கள், அவ்வளவுதான்.

ஹார்டுவேர் இன்ஜினியர்: சும்மா கேட்பதற்கு அவ்வளவு செலவா?

நிமிஷத்துக்கு ஒரு 50 பைட் பாக்கெட். காற்றில் 1.6 மில்லிவினாடி, 0.08 மில்லிஜூல். அதே நிமிஷத்தில் ரேடியோ ஒரு சதவீத நேரம் மட்டும் விழித்துக் கேட்டாலும் 0.6 வினாடி, 34 மில்லிஜூல். நானூறு மடங்கு. கான்டிகியின் மேக் நெறிமுறையான கான்டிகிமேக் போன்றவற்றில் இன்னொன்றும் சேரும்: எதிரில் இருப்பவர் விழிக்கும்வரை அனுப்புபவர் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். வினாடிக்கு எட்டு முறை விழிப்பவர் என்றால் 125 மில்லிவினாடி வரை இழுக்கும். இதையும் சிமுலேட்டர் எண்ண வேண்டும்.

எம்.இ., ஈரோடு: லீச் கோட் அனுப்ப முடியுமா சார்?

முடியாது.

மாணவர் குழு, சென்னை: எம்கியூ-135 வைத்து காற்று மாசு கண்காணிப்பு. எந்த ரூட்டிங் நெறிமுறை பேட்டரியை மிச்சப்படுத்தும்?

எதுவும் மிச்சப்படுத்தாது. அந்த சென்சாரின் ஹீட்டரே 800 மில்லிவாட் வரை தின்னும். ரேடியோ திறந்தே இருந்தாலும் 56தான். முதலில் சென்சாரை மாற்றுங்கள்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர், பொள்ளாச்சி: மண் ஈரத்துக்கு லோரா (வெகுதூரம் போகும், வேகம் குறைந்த ரேடியோ) போடுகிறோம். எஸ்எஃப்12 (ஸ்ப்ரெடிங் ஃபாக்டர், எண் ஏற ஏற தூரம் கூடும், வேகம் குறையும்) வைத்தால் தூரம் நிச்சயம் என்கிறார்கள்.

ஐயா, தூரம் கிடைக்கும், பேட்டரி போகும். நம் நாட்டு 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 20 பைட் அனுப்ப எஸ்எஃப்7ல் சுமார் 57 மில்லிவினாடி, எஸ்எஃப்12ல் 1.3 வினாடி. இருபத்து மூன்று மடங்கு. கேட்வே ஆன்டெனாவைத் தென்னை மட்டைகளுக்கு மேலே ஏற்றிவிட்டு எஸ்எஃப்7லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள்.

விரிவுரையாளர், நெல்லை: நோட் எப்போது 'செத்தது' என்று எடுத்துக்கொள்வது? பூஜ்ஜியம் ஜூலிலா?

பூஜ்ஜியத்துக்கு வெகு முன்பே. டெலோஸ்பி நோட்டின் ப்ராசசரான எம்எஸ்பி430எஃப்1611ல் ஃபிளாஷில் எழுத 2.7 வோல்ட் வேண்டும். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே அந்த எல்லை வந்துவிடலாம். இன்டெல் பெர்க்லி ஆய்வகம் 2004ல் 54 நோட்டுகளிலிருந்து எடுத்த தரவு பொதுவில் கிடைக்கிறது. அதில் வோல்டேஜையும் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கிய பிறகு அறை வெப்பநிலை நூறு டிகிரியைத் தாண்டுகிறது. நோட் பாக்கெட் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது, தரவுதான் குப்பை. என் மாடலில் அந்த இடத்திலேயே அதைச் செத்ததாக எண்ணுவேன்.

ஆய்வு மாணவர், திருச்சி: சரி சார், மாற்றி ஓட்டுகிறேன். எந்த எண்களை வைப்பது?

கேட்க 18.8, முழு பவரில் அனுப்ப 17.4, ஐடிலில் (அனுப்பாமல், கேட்காமல் இருக்கும் நிலை) 0.426 மில்லிஆம்பியர். அனுப்புவதிலிருந்து கேட்பதற்கு மாறும் 192 மைக்ரோவினாடியையும் விடாதீர்கள். கட்டுப்பாட்டு பாக்கெட்டுகளுக்காக விழித்திருக்கும் நேரத்தைத் தனிக் கணக்காகப் போடுங்கள். பழைய மாடலின் முடிவையும் பக்கத்திலேயே கொடுத்துவிட்டால் ரிவ்யூவரே ஒப்பிட்டுக்கொள்வார்.