மௌன ஜெபம், தியானம்: நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்

நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒண்ணொண்ணா சொல்றேன். பன்னெண்டு வருஷமா தினமும் காலைல உக்காந்து பழகுறதுல இருந்தும் படிச்சதுல இருந்தும் தான் சொல்றேன்.

கேள்வி: அக்கா, தியானம்னாலே மனசை காலியாக்குறது, நமக்கு ஆகாதுன்னு எங்க பாஸ்டர் சொல்றாரே?

பதில்: அவர் பயம் புரியுது தம்பி, ஆனா நாம எதையும் காலியாக்கலையே. சங்கீதம் 1ல இரவும் பகலும் வேதத்துல தியானமா இருக்கிறவன்னு வருதுல்ல, அங்க எபிரெயத்துல ஹாகான்னு இருக்கு, வாய்க்குள்ள முணுமுணுக்கிறதுன்னு அர்த்தம், ஏசாயா 31:4ல இரையை பிடிச்ச சிங்கம் உறுமுறதுக்கும் இதே வார்த்தை தான். கிடைச்ச வசனத்தை விடாம வாயில வச்சிருக்கிறது, அவ்ளோ தான். ஈசாக்கு சாயங்காலம் தியானம் பண்ண வெளிய போனதும் ஆதியாகமம் 24லயே இருக்கு.

கேள்வி: சிஸ்டர், எப்படி ஆரம்பிக்கிறது?

பதில்: லெக்சியோ டிவினால இருந்து ஆரம்பிங்க, வேதப் பகுதியை மெதுவா வாசிச்சு அதையே ஜெபமாக்குற பழைய முறை அது. 12ஆம் நூற்றாண்டுல இரண்டாம் குய்கோங்கிற கார்த்தூசியன் (ஒரு கத்தோலிக்க துறவற சபை) துறவி இதை நாலு படியா எழுதினாரு: வாசிக்கிறது, அசைபோடுறது, ஜெபிக்கிறது, பேச்செல்லாம் அடங்கி அவர் முன்னாடி சும்மா இருக்கிறது. படி எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. நான் மாற்கு 10ல பர்திமேயு பகுதியை ஒரு வாரம் வச்சிருந்தேன், "நான் உனக்கு என்ன செய்யணும்"னு இயேசு கேக்குற இடத்துல மூணாவது நாள் அப்படியே நின்னுட்டேன், என்ன வேணும்னு எனக்கே சொல்லத் தெரியல, அழுகை தான் வந்துச்சு, அன்னைக்கு ஜெபமே அது தான்.

கேள்வி: கண்ணை மூடினா பால் பாக்கி, ஈஎம்ஐ, மாமியார் சொன்னது எல்லாம் வருது. நான் இதுக்கு லாயக்கில்லையா?

பதில்: எல்லாருக்கும் வரும்மா. நான் உக்காந்ததும் பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிக்கும், மூணா நாலான்னு மனசு எண்ண ஆரம்பிச்சிடும். அதோட சண்டை போடாதீங்க, சின்ன வாக்கியம் ஒண்ணை கைல வச்சுக்கோங்க. கிழக்கு (ஆர்த்தடாக்ஸ்) சபைகள்ல காலங்காலமா சொல்றது "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்". லூக்கா 18ல ஆயக்காரன் மார்ல அடிச்சுக்கிட்டு கேட்டானே, அதுல இருந்து வந்தது. மூச்சு உள்ள போறப்ப முதல் பாதி, வெளிய வர்றப்ப மீதி. மனசு ஓடினது தெரிஞ்சதும் திரும்ப அந்த பேருக்கு வந்துடுங்க, நாப்பது தடவை ஓடினா நாப்பது தடவை அவர்கிட்ட திரும்பி வந்திருக்கீங்க. திரும்பத் திரும்ப சொல்றது தப்பில்லையான்னு தோணலாம், ஆனா மத்தேயு 6ல இயேசு கண்டிக்கிறது வீண்வார்த்தைகளை அலப்புறதை, பிரியமா ஒரு பேரை சொல்றதை இல்ல.

கேள்வி: எவ்ளோ நேரம்?

பதில்: பத்து நிமிஷம், ஆனா தினமும். சென்டரிங் பிரேயர்ல (ஒரு சின்ன வார்த்தையை பிடிச்சுக்கிட்டு மௌனமா ஜெபிக்கிற முறை) ஒரு நாளைக்கு ரெண்டு தடவை இருபது நிமிஷம்னு சொல்வாங்க, அது மெதுவா வரட்டும்.

கேள்வி: ரெண்டு வருஷமா ஒண்ணுமே உணரல, வறண்டு கிடக்கு.

பதில்: ஜெபத்தைப் பத்தி நிறைய எழுதின 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் கன்னியாஸ்திரி அவிலா தெரேசாவே, 18 வருஷம் கைல புக் இல்லாம ஜெபத்துக்கு உக்காரவே துணியலன்னும், மணி எப்ப அடிக்கும்னு காது வச்சு கேட்டுட்டு இருந்தேன்னும் எழுதியிருக்காங்க. அதனால உக்காருறதை மட்டும் விட்டுடாதீங்க பிரதர், தனியா சுமக்காம நம்பிக்கையான ஆன்மீக வழிகாட்டி ஒருத்தர்கிட்ட பேசுங்க. தூக்கம், பசி, வேலை எதுலயும் மனசு ஒட்டலன்னா அது வேற விஷயமா இருக்கலாம், டாக்டரையும் பாருங்க, ரெண்டும் சேர்ந்தே போகலாம்.