சாதாரண தரம் சித்தியடையாத மகளைத் தொழிற்பாடப் பிரிவில் சேர்த்தால் வேலைத்தளப் பயிற்சி உண்மையில் பயன்தருமா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் இவ்வாறு கேட்டிருக்கிறார். பயன்தரும், ஆனால் பயிற்சியிடத்தைப் பொறுத்தே அது அமையும்.

2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின்படி, க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தரம் 12 இல் தொழிற்பாடப் பிரிவில் சேரலாம். முதலில் பாடசாலையில் பொதுப் பாடங்களைக் கற்று, பின்னர் தெரிவுசெய்த துறையில் பயிற்சி நிறுவனத்திலும் வேலைத்தளத்திலும் பழகி, தேசிய தொழிற்றகைமை 4 ஆம் மட்டச் சான்றிதழை இலக்காகக் கொள்வதே இதன் ஒழுங்கு. இச்சான்றிதழ் ஏழு மட்டங்களைக் கொண்டது. ஆகவே 4 ஆம் மட்டத்தோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை.

என் தங்கை மகள் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பயிற்சிக்குச் சென்றபோது, முதல் மூன்று வாரமும் அழுக்குத் துணிமூட்டை சுமப்பதே அவளுடைய வேலையாக இருந்தது. ஆசிரியை நேரில் வந்து பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டிய பின்னர்தான், கட்டில் விரிப்பின் மூலையைச் சுருக்கமின்றி மடித்துச் செருகுவதற்கே அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எனவே அன்றாடம் செய்ததை அன்றே எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தையும் பெறும்படி மகளிடம் வற்புறுத்துங்கள். மதிப்பீட்டின்போது அதுவே அவளுக்குச் சான்று.

சேர்க்குமுன் பஸ் செலவு, கொடுப்பனவு, மாலை வேலை முடியும் நேரம் ஆகியவற்றை அதிபரிடம் தெளிவாகக் கேளுங்கள். லயத்துக்குச் செல்லும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டே பயிற்சியைக் கைவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்துவதைச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் மனதில் வைத்திருங்கள்.